பெரியம்மாவின் சீட்டுக் கொப்பி

வெம்பிளியில் பெரியம்மா சீட்டுப் பிடித்தார். 1994இல் தொடங்கியது. இருபது பேர், ஆளுக்கு மாதம் நூறு பவுண். ஈலிங் றோட்டில் மரக்கறி வாங்கப் போகும்போது பழக்கமான பெண்கள்தான் பெரும்பாலும். மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் அவருடைய முன்னறையில் கூடுவார்கள், அந்த மாதச் சீட்டை யார் எடுப்பது என்று கழிவு கேட்பார்கள், வடையும் தேத்தண்ணியும் வரும். வங்கி வாசற்படியில் ஏற முடியாத குடும்பங்கள் அந்தக் காசில் கார் வாங்கின. தம்பியைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தன. ஒருவர் வீட்டுக்கு முற்பணமே கட்டினார். கணக்கு முழுவதும் நீல மட்டை போட்ட கொப்பிகளில் இருந்தது. யார் எடுத்தது, என்ன கழிவு, யார் பாக்கி என்று நிமிர்ந்த எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருப்பார்.

2019இல் பெரியம்மாவுக்கு அல்ஸைமர் என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அவருடைய மகன், எனக்கு அண்ணா முறை, என்னிடம், "இப்ப ரெண்டு மூண்டு மாசமாத்தானே இப்பிடி" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு ஒருநாள் கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன்.

2015 ஆகஸ்ட் பக்கத்தில் ஒரே பெயர் இரண்டு தரம் இருக்கிறது, இன்னொரு பெயர் இல்லை. அடுத்த மாதம் கூட்டுத்தொகையை வெட்டி எழுதி, மறுபடி வெட்டி, ஓரத்தில் கோடு கோடாகப் போட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார். கூட்டல் வாய்ப்பாடு மாதிரி வந்த மனுஷி, பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கோடு போட்டிருக்கிறார். 2016இல் கழிவுத் தொகையை எழுதும் வழக்கமே நின்றுவிட்டது. 2017 பங்குனியோடு கொப்பி முடிகிறது. "கால் நோகுது, இனிச் சீட்டு வேண்டாம்" என்று சொல்லி அவர் நிறுத்தியது எனக்கு நினைவிருக்கிறது. கால் நோவு என்பதை எல்லோரும் நம்பினோம்.

சீட்டில் இருந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது! கணக்கில் நாற்பது ஐம்பது பவுண் குறையும்போதெல்லாம் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போட்டு நிரப்பியிருக்கிறார்கள். "உங்கட பெரியம்மாவை வெக்கப்படுத்தக் கூடாது எண்டுதான் பிள்ளை." அந்தக் கருணையைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தக் கருணையில் நான்கு வருடம் போயிற்று.

எழுத்தில் முதலில் தெரிவது பெரியம்மாவுக்கு மட்டும் நடந்ததில்லை. லண்டனில் வளர்ந்த நாவலாசிரியர் ஐரிஸ் மர்டோக் 26 நாவல்கள் எழுதினார். கடைசி நாவல் 1995இல் வந்தது. என்னவோ குறைகிறதே என்று விமர்சகர்கள் விழித்தார்கள். அவருக்கு அல்ஸைமர் இருப்பது 1997இல்தான் வெளியே தெரிந்தது. 1999இல் காலமானார். பிறகு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பீட்டர் கரார்ட் என்ற நரம்பியல் மருத்துவரும் குழுவினரும் அவருடைய முதல் நாவல், 1978இல் வெளிவந்து புக்கர் பரிசு பெற்ற நாவல், கடைசி நாவல் ஆகிய மூன்றையும் கணினியில் போட்டுச் சொல் சொல்லாக எண்ணினார்கள். 2005இல் முடிவு வந்தது. கடைசி நாவலில் இலக்கணம் குலையவில்லை, வாக்கியங்கள் ஒழுங்காகத்தான் நின்றன. சொற்கள்தாம் குறைந்துபோயிருந்தன. அரிதான சொல் வரவேண்டிய இடத்தில் அன்றாடச் சொல் வந்து உட்கார்ந்திருந்தது. மர்டோக் கையால் எழுதுபவர், பதிப்பாசிரியர் கைவைப்பதை விரும்பாதவர். அதனால் மூளையில் நடந்தது தாளில் அப்படியே பதிந்துவிட்டது. பெரியம்மாவின் கொப்பியிலும் யாரும் கைவைக்கவில்லை.

*

ஊரில் அன்று இந்த மறதிக்கு எங்களிடம் வேறு சொல் இருந்தது. அறளை.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் என் அம்மம்மாவுக்கு "அறளை பேந்திட்டுது" என்று 1970களில் ஊரே சொன்னது. நோய் என்று யாரும் சொல்லவில்லை. நரை விழுவதுபோல, பல் போவதுபோல, அறளையும் வயதோடு வருவது. மருத்துவரிடம் காட்டவேண்டிய விஷயமாக அது யாருக்கும் படவில்லை. அம்மம்மா விடியற்காலையில் கோயிலுக்கென்று புறப்பட்டு எதிர்த்திசையில் நடப்பார். ஒழுங்கையில் நிற்கும் யாராவது, "இதென்ன ஆச்சி, இஞ்சால வாங்கோ" என்று கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள். கடைக்காரர் அவரிடம் காசு வாங்கமாட்டார், கொப்பியில் எழுதிவைத்து மாமாவிடம் வாங்கிக்கொள்வார். சமைப்பது மாமி, தண்ணீர் அள்ளுவது சின்னம்மா. அம்மம்மா தனியாகச் செய்து பிழைக்கவேண்டிய வேலை என்று ஒன்றும் இருக்கவில்லை. அதனால் அவரால் எதைச் செய்யமுடியாமல் போயிற்று, எப்போது போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஊர் அவரைத் தாங்கியது, தாங்கிய கையாலேயே நோயை மூடியும் வைத்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். கிணற்றடிக்குப் போய்விடுவார் என்று பயந்து பின்னறைக் கதவுக்கு வெளியே கொண்டி போட்டிருந்தார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்து, "ஆச்சி, நான் ஆர் சொல்லுங்கோ" என்று கேட்டுச் சிரிப்போம். அவர் பெயர் மாற்றிச் சொன்னால் இன்னும் சிரிப்போம். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

அதே காலத்து லண்டன் மேலாக இருந்ததா? வடக்கு லண்டனில் ஃபிரையர்ன் பார்னெட் பக்கம் போனால் நீளமான பழைய கட்டிடம் ஒன்றைப் பார்க்கலாம். 1851இல் கோல்னி ஹட்ச் மனநோய் விடுதியாகத் திறந்தது. பின்னாளில் ஃபிரையர்ன் வைத்தியசாலை. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத, மறதி பிடித்த முதியவர்கள் இப்படிப்பட்ட இடங்களின் பின் வார்டுகளில்தான் முடிந்தார்கள். 1965 ஜனவரியில் பார்பரா றொப் என்ற பெண்மணி தனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவரைப் பார்க்க அங்கே போனார். கண்ட காட்சி அவரை விடவில்லை. முதியவர்களின் கண்ணாடி, பொய்ப்பல், காது கேட்கும் கருவி எல்லாவற்றையும் பிடுங்கி வைத்திருந்தார்கள். கண் தெரியாமல், காது கேளாமல், மெல்ல முடியாமல் இருக்கும் ஒருவர் எந்தக் கேள்விக்குத்தான் சரியாகப் பதில் சொல்வார்? றொப் ஓர் இயக்கம் தொடங்கி, 1967இல் ஒரு நூலும் வெளியிட்டார். நாடாளுமன்றம்வரை அதிர்ந்தது. வைத்தியசாலையை 1993இல் மூடினார்கள். இன்று அங்கே இருப்பது விலையுயர்ந்த அடுக்குமாடி வீடுகள்.

மருத்துவர்களுக்கே அன்று இது நோயாகப் படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அலோய்ஸ் அல்ஸைமர் 1906இல் விவரித்த நோயாளி ஐம்பதுகளில் இருந்த பெண். அதனால் அல்ஸைமர் என்பது நடுவயதில் அபூர்வமாக வரும் நோய் என்றும், எழுபதில் எண்பதில் வருவது வெறும் மூப்பு என்றும் நூல்கள் பிரித்து வைத்திருந்தன. 1960களின் கடைசியில் நியூகாசிலில் முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்தவர்கள்தாம் இரண்டிலும் அதே படிவுகள் இருப்பதைக் காட்டினார்கள். ஆக, 'மூப்பு' என்று இங்கிலாந்து எழுதியதும் 'அறளை' என்று வடமராட்சி சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

*

இன்றைக்கு வருவோம். பிரித்தானியாவில் இப்போது ஏறக்குறைய பத்து இலட்சம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது அல்ஸைமர் போன்ற மறதி நோய். 2009இல் இங்கிலாந்து தேசியத் திட்டம் ஒன்றை அறிவித்தபோது, நோய் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அது முறையாகக் கண்டறியப்பட்டிருந்தது. இன்று மூன்றில் இருவருக்கு. நினைவாற்றல் கிளினிக் இல்லாத பகுதி லண்டனில் இல்லை.

ஆனால் எங்கள் ஆட்கள் பிந்தித்தான் போகிறார்கள். தெற்காசியர்கள் இந்தக் கிளினிக்குகளுக்கு நோய் முற்றிய பிறகே வருகிறார்கள் என்று லண்டன் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு ஒன்று கறுப்பின, ஆசிய, பிற சிறுபான்மைச் சமூகங்களில் 25,000 பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்றும், 2051இல் அது 1,72,000ஐத் தாண்டும் என்றும் மதிப்பிட்டது. ஏழு மடங்கு! காரணம் எளிது. அறுபத்தைந்துக்குப் பிறகு ஒவ்வொரு ஐந்து வருடத்துக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிக்கிறது. இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு இருபத்தைந்து, முப்பது வயதில் ஹீத்ரோவில் வந்து இறங்கியவர்கள் இப்போது அந்தப் படியில் கால் வைக்கிறார்கள். லண்டனில் மொத்தமாக முதுமை அடையும் முதல் தமிழ்த் தலைமுறை இதுதான். நானும் அதில் ஒருத்தி.

லண்டன் ஒன்றைச் செய்கிறது. ஊர் மூடிவைத்ததை இந்த நகரம் திறந்து காட்டுகிறது. இங்கே எல்லாவற்றையும் ஒருவர் தனியாகச் செய்யவேண்டும். வங்கி அட்டையின் நான்கு இலக்கம், 83ஆம் இலக்க பஸ்சுக்கும் 79க்கும் உள்ள வித்தியாசம், குப்பைக்கு எந்தக் கிழமை எந்தத் தொட்டி, மருந்துப் பெட்டியில் காலை எது மாலை எது. மறதி என்று பிறர் கண்டுகொள்ளும் முன்பே இவற்றில் பிசகும். பலருக்கு முதலில் போவது பழைய நினைவன்று. பல படிகள் கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்யும் திறன் தொடக்கத்திலேயே ஆட்டம் காணும். பெரியம்மா மிளகாய்த்தூள் வறுப்பதில் கெட்டிக்காரி. மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம் என்று எது முதலில், எது எவ்வளவு நேரம் என்பது அவர் கைக்குத் தெரியும். 2016இலோ என்னவோ, "இஞ்சை கடையில நல்ல தூள் வருகுது" என்று வாங்கத் தொடங்கினார். சொதிக்குத் தேசிப்புளி விட மறந்தார், அல்லது இரண்டு தரம் விட்டார். நாங்கள் நாக்கைச் சுளித்துவிட்டுச் சாப்பிட்டோம்.

பெரியப்பா இருந்தவரை இவ்வளவும் தெரியவில்லை. கேள்வி கேட்டால் பெரியம்மா அவர் பக்கம் திரும்புவார், அவர் பதில் சொல்வார். நாற்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அது இயல்பாகத்தான் பட்டது. 2018இல் அவர் போனதும், "பெரியப்பா போன கவலையில பெரியம்மா ஒருமாதிரி ஆயிட்டா" என்றோம். கவலை இருந்தது உண்மைதான். அதுவரை அவருக்கு ஞாபகமாக இருந்தவர் போய்விட்டதும் உண்மை. துணையை இழந்த சில மாதங்களில் 'திடீரென்று' டிமென்ஷியா வந்தவர்கள் பலரின் கதை இதுதான்.

பிறகு காப்பு காணாமல் போனது.

"என்ர காப்பை உவள்தான் எடுத்தவள்." அண்ணியைத்தான் சொன்னார். முதல் நாள் அண்ணி அழுதார். இரண்டாம் நாள் சண்டை. மூன்றாம் நாள் காப்பு அரிசி வாளிக்குள் கிடந்தது, பெரியம்மா தானே ஒளித்து வைத்திருந்தார். அடுத்த மாதம் பென்ஷன் காசு, அதற்கடுத்து சேலை. குடும்பம் இதை எப்படிப் படித்தது? மாமியார் மருமகள் சண்டை என்று. தமிழ்ப் படங்களும் நாடகங்களும் எங்களுக்குப் படிப்பித்த பாடம் அது. வைத்த இடம் மறந்துபோகும்போது மூளை அந்த ஓட்டையை ஒரு கதையால் அடைக்கிறது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்பதுதான் மிக எளிதான கதை. பக்கத்தில் எப்போதும் நிற்பவர்தான் அதில் கள்ளன். ஆகவே முழுநேரமும் பார்த்துக்கொள்ளும் மருமகள்தான் களவுப் பட்டம் வாங்குகிறாள், கிறிஸ்மஸுக்கு வந்துபோகும் மகள் வாங்குவதில்லை. இதனால் பிரிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சாதாரண மறதி எது, இது எது என்று கேட்பார்கள். போன மாதக் கலியாணம் எந்த மண்டபத்தில் என்று மறந்தால் பயப்பட வேண்டாம், எனக்கும் மறக்கிறது. கலியாணத்துக்குப் போனதே மறந்தால், நீங்கள் எடுத்துச் சொன்ன பிறகும் அந்த நாள் திரும்பி வராவிட்டால், அப்போது மருத்துவரிடம் போங்கள். போனவுடன் டிமென்ஷியா என்று முத்திரை குத்தமாட்டார்கள். முதலில் இரத்தப் பரிசோதனை. பி12 குறைந்தாலும், தைரொயிட் மந்தமானாலும், மனச்சோர்வு இருந்தாலும் ஞாபகம் குழம்பும், அவற்றுக்கு மருந்து உண்டு. மரக்கறி மட்டும் சாப்பிடும் எங்கள் அம்மாமாருக்கு பி12 சங்கதி முக்கியம். இரண்டு நாளில் சடாரென்று குழம்பினால் அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று போன்ற வேறு ஏதோ நோயின் வேலை, அன்றைக்கே மருத்துவர் பார்க்கவேண்டும்.

*

2019 ஜூலையில் கிளினிக்குக்கு நானும் அண்ணாவும் போனோம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கடிதத்தில் கேட்டிருந்தார்கள். அண்ணா வேண்டாம் என்று எழுதியிருந்தார். வெளி ஆள் வந்தால் கதை ஊருக்குள் போய்விடும் என்ற பயம். லண்டனில் வசித்தாலும் எங்களுக்கு ஊர் உண்டு.

பெரியம்மா முப்பது வருடம் இங்கே இருந்து, பொருள் வாங்கவும் வைத்தியரிடம் பேசவும் போதுமான ஆங்கிலம் வைத்திருந்தார். அது கடைசி இரண்டு வருடத்தில் உதிர்ந்துவிட்டது. பிந்திக் கற்ற மொழி முந்திப் போவது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. வீட்டுக்குள்ளேயே ஒரு மனுஷி வெளிநாட்டுக்காரி ஆனார்.

மருத்துவர் கேட்டார், அண்ணா தமிழில் சொன்னார். "அம்மா, இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேக்கினம். செவ்வாய்க்கிழமை எல்லோ?" பெரியம்மா சொன்னார், "ஓம், செவ்வாய்." மருத்துவர் ஒரு புள்ளி போட்டார்! அண்ணா பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் நினைக்கவில்லை. அம்மா தோற்பதைப் பார்க்க மகனால் முடியவில்லை. மூன்று சொற்களை நினைவில் வைக்கச் சொன்னபோது மட்டும் அவரால் உதவ முடியவில்லை. ஐந்து நிமிடம் கழித்துப் பெரியம்மாவிடம் ஒரு சொல்லும் இல்லை. கடிகாரம் வரையச் சொன்னார்கள். பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலப் பக்கத்திலேயே அடுக்கினார். இடப் பக்கம் வெறுமையாக இருந்தது.

இப்போது என்ன பருவகாலம் என்றும் கேட்டார்கள். பெரியம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "சோளகம்" என்றார். அண்ணா தலையைக் குனிந்துகொண்டார். மருத்துவர் பிழை போடப் பேனாவை எடுத்தார். நான் குறுக்கிட்டேன். ஆடி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் வீசுவது சோளகக் காற்று, அங்கே பருவத்துக்குப் பெயர் அதுதான், அவர் சொன்னது சரி என்றேன். மருத்துவர் சிரித்துவிட்டுப் புள்ளியைத் தந்தார். அண்ணாவின் உதவியால் கிடைக்கக்கூடாத புள்ளி கிடைத்தது, அண்ணா மட்டும் இருந்திருந்தால் கிடைக்கவேண்டிய புள்ளி போயிருக்கும். நாட்டுத் தலைவர் யார் என்பதும் இப்படியான சோதனைகளில் பழைய கேள்வி. அந்த மாதம் பிரதமரே மாறிக்கொண்டிருந்தார். 2022இல் இரண்டு மாதத்துக்குள் மூன்று பிரதமர்களையும் ஓர் அரசியையும் ஓர் அரசரையும் இந்த நாடு கண்டபோது, அந்தக் கேள்விக்கு நல்ல மூளைக்காரரும் தடுமாறியிருப்பார்கள்.

மருந்து கொடுத்தார்கள். டோனெபெசில், 1997இலிருந்து இங்கே இருப்பது. நோயை நிறுத்தாது, சிலருக்குக் கொஞ்சக் காலம் தெளிவைத் தாங்கிப் பிடிக்கும். நோயின் வேகத்தையே குறைப்பதாகச் சொல்லும் லெகனெமாப், டொனனெமாப் ஆகிய புதிய மருந்துகளுக்கு 2024இல் பிரித்தானியா அனுமதி தந்தது. ஆனால் விலைக்குத் தக்க பலன் இல்லையென்று அரசு மருத்துவச் சேவைக்கு அவற்றைப் பரிந்துரைக்க மறுத்தார்கள். அப்படியென்றால் முந்திக் கண்டுபிடித்து என்ன பயன் என்று அண்ணா கேட்டார். நியாயமான கேள்வி.

பயன் மருந்தில் இருப்பதைவிடத் தாளில் இருக்கிறது. தனக்காக முடிவெடுக்க மகனுக்கோ மகளுக்கோ அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை, அது என்னவென்று விளங்கும் அறிவு இருக்கும்போதே எழுதிக் கையொப்பமிட வேண்டும். பிந்தினால் நீதிமன்றம், செலவு, மாதக் கணக்கில் அலைச்சல். நாங்கள் பிந்தினோம். பராமரிப்பு உதவித்தொகையும், கவுன்சில் வரியில் கிடைக்கும் சலுகையும், பார்த்துக்கொள்பவருக்கு என்ன தேவை என்று கவுன்சில் மதிப்பிடவேண்டும் என்ற உரிமையும், நோய்க்குப் பெயர் வைத்த பிறகு கேட்பது எளிது. 'அறளை' என்று எழுதி எந்தப் படிவமும் நிரப்ப முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. தன்னைக் கள்ளி என்றது நோய்தான் என்று அண்ணிக்கு விளங்கியது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து பெரியம்மாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர், அன்று கையிலேயே கொடுத்தார்.

பெரியம்மா இப்போதும் இருக்கிறார். பின்னேரமானால், "வீட்டை போவம் பிள்ளை" என்கிறார். இதுதான் வீடு என்று முதலில் வாதாடினோம். இப்போது வாதாடுவதில்லை, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்கிறோம். நவம்பரில் வாணவெடி கேட்டால் மேசைக்குக் கீழே குனிகிறார். அது எந்த வருடத்துச் செல்வீச்சு என்று எங்களுக்குத் தெரியும், கையைப் பிடித்துக்கொண்டு கூட உட்காருகிறோம்.

இதை வாசிக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவையோ அப்பாவையோ அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகும் நாள் வந்தால், பக்கத்தில் இருங்கள், சோதனைக் கேள்விகளின்போது வாயைத் திறக்காதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். அங்கே பேசியதை அவர் வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. காசும் கட்டவேண்டியதில்லை.